மேல் மூடியா, முன் கதவா

மாஸ்டர் வீட்டில் வாஷிங் மெஷினும் மருமகளின் தோளும் ஒரே நாளில் உடைந்தன.

அவனை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களைக்கூட, "பதறாதீங்கம்மா, கிளச்சை மெதுவா விடுங்க, வண்டி உங்க பேச்சைக் கேக்கும்" என்று பஞ்சு மாதிரிக் குரலில் சொல்லிச் சொல்லியே ஓட்ட வைத்துவிடுவான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் குரலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

அன்று காலை, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மூடியைத் தூக்கித் தன் வெள்ளைச் சட்டையை உள்ளே எறிந்துவிட்டுக் குளிக்கப் போனான். அது மேலே மூடி வைத்த பழைய மெஷின். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், மறந்ததைப் போடலாம். தொட்டிக்குள் அவன் மனைவியின், அந்த வீட்டு மருமகளின், புது நீலத் துண்டு சுற்றிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. குளித்து வந்து, ஓட்டம் முடியுமுன்னே சட்டையை எடுத்தபோது அது வானம் மாதிரி வந்தது.

"யாரைக் கேட்டுடி இந்தத் துண்டைப் போட்ட?"

"நீங்கதானே நடுவுல வந்து..."

சொல்லி முடிக்க விடவில்லை. அவளுடைய வலது கையைப் பின்னால் வளைத்து மேலே முறுக்கினான். தோளுக்குள் ஏதோ டொக்கென்று நழுவிய சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கத்தக்கூட மூச்சு வராமல் கீழே சரிந்தாள். அப்போதும் ஆத்திரம் அடங்காமல் மெஷினை எட்டி ஒரு உதை விட்டான். அதன் இரும்பு ஸ்டாண்டின் ஒரு கால் மடங்கியது. மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிறீச்சிட்டு, பாதித் தண்ணீரோடு நின்றுபோனது.

உள் அறையில் மாஸ்டரின் அம்மா, அவளுடைய மாமியார், பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

ஆஸ்பத்திரியில் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக மாஸ்டர் சொன்னான். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கை மார்புக்கு மேலே எழவில்லை. மருந்துக்கடையில் அவளுக்குக் கவுண்டர் வேலை. மேல் தட்டில் இருக்கும் மருந்தை எடுக்க இனி ஸ்டூலைப் போட்டு ஏறி, இடது கையால் துழாவ வேண்டியதாயிற்று.

மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் கீழே படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றது வீண்" என்றான். சாய்ந்த மூலைக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தண்ணீர் வெளியேறும் வழியும் அடைத்துக்கொண்டதால் தொட்டியில் அழுக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. அதை யார் மொண்டு கொட்டுவது? ஒருத்திக்குக் கை சரியில்லை, இன்னொருத்திக்கு முட்டி சரியில்லை. மாஸ்டருக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவன் தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தவன் இல்லை.

புது மெஷின் எதுவாக இருக்க வேண்டும் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை தொடங்கியது.

"மேல திறக்கிறதுதான் வாங்கணும்" என்பாள் மாமியார். "நின்னபடி போட்டு நின்னபடி எடுக்கலாம். முன்னாடி திறக்கிறதுக்கு மண்டி போடணும். நான் மண்டி போட்டா அப்புறம் என்னைத் தூக்கிவிட ஆள் பிடிக்கணும்."

"அந்த ஆழத்துல கைய விட்டு ஈரப் பெட்ஷீட்டைத் தூக்கிப் பாருங்க, அத்தை. எல்லாம் கயிறு மாதிரி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டுக் கிடக்கும். முன்னாடி திறக்கிறதுன்னா இழுத்தாப் போதும், வாளியில தானா விழும்."

"அது ரெண்டு மணி நேரம் ஓடுமாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நடுவுல கதவைத் திறக்கவே விடாதாம். பூட்டிக்குமாம்."

"அது பூட்டிக்குதுங்கிறதாலதான் எனக்கு வேணும்."

மாமியார் வெற்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வாய்ச்சண்டை ஒரு பக்கம் இருக்க, துணி சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் இருவரும் சேர்ந்தே துவைத்தார்கள். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்ப்பாள், மருமகள் இடது கையால் அலசுவாள். பெட்ஷீட்டைப் பிழியும்போது ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிரெதிராகத் திருகுவார்கள்.

"நல்லாப் பிடி மருந்துக்காரி! மாத்திரைய விரல்ல எடுக்கிற மாதிரி எடுக்கிற."

"நீங்க பிழியிற பிழியில துணியே கிழியப் போகுது. யாரை நினைச்சுப் பிழியிறீங்க?"

மாமியாரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. தோள் எப்படி இறங்கியது என்பதைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இஸ்திரிச் சட்டை கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரே இருவரையும் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப்போனான். கடையில் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் மேலே மூடி போட்டவை, எதிர்ப்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தவை. விற்பனையைக் கவனித்த பெண் சின்ன வயசுதான், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவள்.

"முன்னாடி திறக்கிறதுல தண்ணி கம்மியாச் செலவாகும், அழுக்கு நல்லாப் போகும், துணி சீக்கிரம் நைஞ்சு போகாது. ஆனா கதவைச் சுத்தி இருக்கிற ரப்பரை ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், இல்லைன்னா நாறும். உள்ள கான்கிரீட் கட்டி வெச்சிருக்காங்க, அதனால கனமும் ஜாஸ்தி. மேல திறக்கிறது சீக்கிரம் துவைச்சு முடிச்சிடும், வேலையும் சுலபம். ஆனா தண்ணியைக் குடிக்கும், துணியை முறுக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். "வீட்ல யாருக்காவது முதுகு, முட்டி, தோள்னு தொந்தரவு இருக்கா? அதை வெச்சுத்தான் நான் எதுன்னு சொல்வேன்."

"எனக்கு முட்டி" என்றாள் மாமியார்.

"அக்கா, உங்களுக்கு?"

மாஸ்டர் முந்திக்கொண்டான். "அவளுக்குத் தோள். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. பாத்து நடம்மான்னா கேக்கிறதே இல்லை." அந்தப் பஞ்சுக் குரல்.

மருமகள் தன் கவுண்டருக்கு வரும் பெண்களை நினைத்துக்கொண்டாள். வலிக்குத் தடவும் களிம்பைக் கேட்கும்போதே, கேட்காத கேள்விக்குப் பதிலாக, "வழுக்கிட்டேன்" என்று சொல்கிறவர்கள். அவளும் அவர்களை எதுவும் கேட்டதில்லை. பையில் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

"விழல" என்றாள். "இவர்தான் முறுக்கினார்."

கடைப்பெண்ணின் கை மெஷினின் குமிழ் மேலேயே நின்றது. மாமியார் பக்கத்து மெஷினுக்குள் எதையோ தொலைத்துவிட்டவள் மாதிரி குனிந்து பார்த்தாள்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தான். "இப்படித்தாங்க, வீட்லயும் எப்பப் பாத்தாலும் தமாஷ். நாங்க யோசிச்சுச் சொல்றோம்." மருமகளின் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்தினான். கடைப்பெண் பின்னாலேயே ஓடிவந்து ஒரு கார்டை அவள் இடது கையில் திணித்தாள். "எப்ப வேணா கூப்பிடுங்கக்கா. எப்ப வேணா."

அது டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டுகிறவன் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறும்போது மாஸ்டர் மிதிப்பது. இன்று அந்த இருக்கையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பின்னால்.

கடை கண்ணுக்கு மறைந்ததும் அவன் ஆரம்பித்தான்.

"கண்டவ முன்னாடி என் மானத்தைக் கப்பலேத்தணும்னு எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்த?"

கார் வேகம் எடுத்தது. நாலாவது கியர், ஐந்தாவது கியர். பிள்ளைகளை ஏற்றிப் போன ஒரு சைக்கிள்காரர் தடுமாறி ஓரத்தில் ஒதுங்கினார்.

"டேய், மெதுவாடா" என்றாள் மாமியார்.

"மெதுவா? இப்படியே கொண்டுபோய் அந்த லாரிக்கு அடியில விட்டா, யார் தோளை யார் முறுக்கினாங்கன்னு எவன் கேப்பான்?"

முன்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று சிவப்புத் துணி படபடக்கப் போய்க்கொண்டிருந்தது. கம்பி முனைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. பயமுறுத்துகிறானா, செய்தேவிடுவானா என்று மருமகளுக்குப் புரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது என்று தோன்றியது. அவள் இரண்டு காலையும் சேர்த்து அந்த இன்னொரு பிரேக்கை மிதித்தாள்.

டயர் அலறியது. கார் அரை வட்டம் அடித்து, சாலையோர மண்ணில் ஏறி, குலுங்கி நின்றது. பின்னால் மாமியாரின் தலை முன் இருக்கையின் இரும்பில் மோதிய சத்தம் கேட்டது.

"என் வண்டியில நீ பிரேக் போடுவியா?"

முஷ்டி அவள் தாடையில் இறங்கியது. தலை கண்ணாடியில் இடித்தது. மறுபடி அதே இடத்தில். வாயில் உப்பாக ரத்தம் ஊறியது.

"டேய்" என்றாள் மாமியார், மிகச் சாதாரணமான குரலில். "எனக்கு ரத்தம் வருதுடா."

புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரை ரிவர்ஸ் எடுத்தான். மாமியார் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்ததை, பக்கவாட்டுக் கண்ணாடியில் மருமகள் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைத் தாழிட்டான். அம்மாவை சோபாவை நோக்கித் தள்ளிவிட்டு, மருமகளின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். நாற்காலி கவிழ்ந்தது. அவள் வாசற்காலைப் பிடித்தாள், விரல்களை உதைத்துப் பிரித்தான்.

"மெஷின் வேணுமா உனக்கு? இந்த மெஷினுக்கு என்னடி குறைச்சல்?"

தகர மூடியைத் தூக்கி, அவள் தலையைத் தொட்டிக்குள் அமுக்கினான்.

தண்ணீர் பல நாள் நாறிய தண்ணீர். சோப்புக் கசப்பு மூக்கு வழியாக ஏறித் தொண்டையில் எரிந்தது. நீலத் துண்டு உள்ளேயே கிடந்திருக்கிறது, முகத்தில் வந்து ஒட்டியது. இடது கையை விளிம்பில் ஊன்றி எழப் பார்த்தாள். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தகரத்துக்கு அப்பால் அவன் ஏதோ கத்துவது தூரத்துப் பேச்சு மாதிரிக் கேட்டது. தூக்கினான். அரை மூச்சு இழுப்பதற்குள் மறுபடி அமுக்கினான். இந்த முறை அவன் தூக்கவே போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு வெடிப்பது போல இருந்தது. கண்ணுக்குள் சிவப்பாக என்னென்னவோ ஓடியது.

சட்டென்று பிடி தளர்ந்தது.

பீறிட்டு மேலே வந்தாள். மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாகத் தரையில் உட்காராதவள், இப்போது மகனின் காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கெண்டைச் சதையில் பல் பதியக் கடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஊளையிட்டான். இன்னொரு காலால் பெற்றவளின் மார்பில் உதைத்தான். மாமியார் சுவரில் போய் விழுந்தாள். உதைத்த வேகத்தில் தான் விழாமல் இருக்க, தொட்டி விளிம்பை வலது கையால் பற்றினான்.

மருமகள் எதையும் யோசிக்கவில்லை. நல்ல கையால் மூடியைப் பிடித்து ஓங்கி அடித்து மூடினாள். எலும்பில் தகரம் பட்ட சத்தம் தனியாகக் கேட்டது. அவன் கையை இழுப்பதற்குள் மூடியின் மேல் முழு உடம்பையும் போட்டு அமுக்கினாள். எழுந்து மறுபடி அடித்தாள். மறுபடியும். ஒவ்வொரு அடிக்கும் தொட்டித் தண்ணீர் தெறித்து இருவரையும் நனைத்தது. அவன் விரல்களைப் பிடுங்கி எடுத்தபோது அவை விரல் மாதிரியே இல்லை.

"கொன்னுடுவேன்டி!" என்று இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்தான்.

அதற்குள் மாமியார் தவழ்ந்து வந்து மெஷினுக்கு அடியில் இருந்த செங்கல்லை இரண்டு கையாலும் உருவிவிட்டாள். மெஷின் தடாலென்று சாய்ந்து தண்ணீரெல்லாம் தரையில் கொட்டியது. அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே, எட்டின உயரத்தில் இருந்த அவன் முட்டியில் செங்கல்லால் அடித்தாள். அவன் மடிந்தான். மடிந்த முட்டியிலேயே இன்னொரு அடி.

"முட்டி வலின்னா என்னன்னு தெரியுதாடா?" என்றாள். "தெரியுதா?"

மாஸ்டர் தண்ணீரில் கிடந்து துடித்தான். முதலில் திட்டினான். பிறகு கெஞ்சினான். பிறகு அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னான். மருமகள் மாமியார் கையிலிருந்து செங்கல்லை வாங்கினாள். அவன் தலைமாட்டில் போய் நின்று, இடது கை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் தூக்கினாள்.

மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டர் முழங்கையை மடித்து முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டான். கண்ணை இறுக்கி, தாடையைத் தோளுக்குள் புதைத்து. எந்தப் பக்கம் திரும்பினால் அடி குறைவாகப் படும் என்று கணக்குப் போடும் அந்த மடங்கலை அவள் இத்தனை வருஷமாகச் செய்து வந்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. செங்கல்லை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். பிறகு கூடத்துக்குப் போய் போனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸும் போலீஸும் ஒன்றாகவே வந்தன. மாஸ்டர் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே, "ரெண்டு பேரும் வழுக்கி விழுந்தாங்க சார், தூக்கப் போன என் மேல மெஷின் சாஞ்சிடுச்சு" என்று பஞ்சுக் குரலில் தொடங்கினான். பெண் போலீஸ் அவனைப் பார்த்தாள், மாமியாரின் புருவத்தைப் பார்த்தாள், மருமகளின் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் மாமியாரிடம்.

"இவளைத் தண்ணியில அமுக்கிக் கொல்லப் பாத்தான். நான் கடிச்சேன். இவ மூடியால அடிச்சா. நான் முட்டியில போட்டேன்." மூச்சு விட்டாள். "தோளும் அவன் முறுக்கினதுதான். அன்னிக்கு எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு."

மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பார்க்கவில்லை.

முட்டிச் சில்லு நொறுங்கிப்போனது. வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே மாஸ்டரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. வீடு மாமியார் பேரில் இருந்தது. டிரைவிங் ஸ்கூலை வேறொருவன் எடுத்து நடத்தினான். மாஸ்டரிடம் படித்த பெண்கள் சிலர், "அவரா? எவ்வளவு பொறுமையானவர்!" என்று மருந்துக்கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மருமகள் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினாள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

இதனால் மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக் கொஞ்சிக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சில நாள் மாமியார் காலையிலிருந்து இரவு வரை பேசமாட்டாள். அக்கம்பக்கத்தார் யாராவது வாயைக் கிளறினால், "என் பிள்ளைதான். அதுக்காக இவளைக் கொல்லட்டும்னு விட்டுட முடியுமா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவாள். மருமகள் அந்த அழுகையைக் கேட்டபடி அடுப்பைத் துடைப்பாள். ஆறுதல் சொல்லப் போனதில்லை. தடுத்ததும் இல்லை.

அந்தக் கார்டில் இருந்த எண்ணுக்கு ஒருநாள் போன் செய்தாள். "முன்னாடி திறக்கிறதையே அனுப்புங்க. கீழ உயரமா ஒரு ஸ்டாண்ட் வெச்சு. அத்தை குனியக் கூடாது."

குரலை அடையாளம் கண்டுகொண்ட கடைப்பெண், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள்.

மெஷினைக் கொண்டுவந்தவர்கள் அவசரக்காரர்கள். ஸ்டாண்டில் தூக்கி வைத்து, குழாயை மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். மருமகள் பெட்ஷீட்டுகளைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் இறங்கியது. கண்ணாடிக்குள் துணி புரள்வதை இருவரும் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். "டிவியை விட இது தேவலை" என்றாள் மாமியார். பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

துணி பிழியும் கட்டம் வந்தபோது வீடு அதிர்ந்தது. தடால், தடால், தடால் என்று யாரோ கதவை உடைப்பது மாதிரி.

"வந்துட்டான்!" என்று மாமியார் அலறினாள்.

மருமகள் சமையலறையிலிருந்து கத்தியோடு ஓடிவந்தாள். மாமியார் சோபாவுக்குப் பின்னால் ஒடுங்கி, அங்கிருந்தே மருமகளின் துணியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இருவரும் வாசற்கதவையே பார்த்தபடி, ஒருத்தி நடுக்கத்தை இன்னொருத்தி உடம்பில் உணர்ந்தபடி நின்றார்கள். கதவு அசையவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது, பின்பக்கத்திலிருந்து.

மெஷின் ஸ்டாண்டின் மேல் குதித்துக்கொண்டிருந்தது. மருமகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். பின்பக்கம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வண்டியில் ஏற்றிவரும்போது தொட்டி ஆடக்கூடாது என்று முடுக்கும் நீளமான போல்ட்டுகள், கழற்றாமல் அப்படியே இருந்தன. அவற்றைக் கழற்றினார். மறுபடி ஓட விட்டார். பூனை உறுமுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

அவர் பையைக் கட்டும்போது மருமகள் கேட்டாள். "வாசக்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுத் தருவீங்களா? நல்ல கெட்டியானதா?"

"அது என் வேலை இல்லையேம்மா."

இருவர் முகத்தையும் பார்த்தார். மாமியாரின் புருவத்தில் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. தெருமுனைக் கடைக்குப் போய்த் தாழ்ப்பாளோடு வந்தார். டிரில்லை எடுத்துக்கொண்டு, "எங்க போடணும்? கீழயா?" என்றார்.

"கீழ வேணாம். அத்தையால குனிய முடியாது."

"அப்ப மேல போட்டுடறேன்."

"மேல எப்படி?" என்றாள் மாமியார். "இவளுக்குக் கை எட்டாது."

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கதவின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மாமியார் எழுந்து வந்து கையை வைத்துப் பார்த்தாள். மருமகளும் வைத்துப் பார்த்தாள். அவர் துளை போடத் தொடங்கினார். மரத்தூள் அவர்கள் காலடியில் கொட்டியது. பெருக்குவதற்கு மாமியார் துடைப்பத்தைத் தேடிப் போனாள்.